மீனுக்குக் காப்பீடு கிடையாது

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. காதல் கடிதம் என்று நினைத்தீர்களானால் உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. எங்கள் வீட்டுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனம், ஆண்டுக்கொருமுறை அனுப்பும் புதுப்பித்தல் கடிதம் அது. "எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி" என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே பிரீமியத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். எங்கோ புயல், எங்கோ வெள்ளம், எங்கோ காட்டுத் தீ, ஆகவே எல்லோருக்கும் ஏற்றம் என்று விளக்கம் வேறு. யாருடைய கூரையோ பறந்து போனதற்கு எங்கள் வீட்டு வாசலில் பில் வந்து விழுந்தது.

எழுத்தாளனுக்கு எது கிடைத்தாலும் கதைதான் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் எழுதிப் பார்க்காதவர்கள். இந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு நான் எழுதிய தொடக்கங்களைப் பாருங்கள்.

முதல் தொடக்கம்: "அந்த வீடு கடனில் மிதந்துகொண்டிருந்தது." ['மிதந்து' என்ற சொல்லை என் மனைவி அடித்துவிட்டாள். காரணம் போகப் போகத் தெரியும்.]

இரண்டாம் தொடக்கம்: "மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில், கூரையின் தென்மேற்கு மூலையிலிருந்து—" [கூரையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றாள். மழையும் வேண்டாம். மாலை மட்டும் இருக்கட்டும் என்றாள்.]

மூன்றாம் தொடக்கம்: "எங்கள் வீடு நல்ல வீடு. அதில் ஒரு குறையும் இல்லை." [இது கதை மாதிரி இல்லை, விற்பனை விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் பாதுகாப்பானது. இதுவே இருக்கட்டும்.]

எங்கள் வீடு நல்ல வீடு. அதில் ஒரு குறையும் இல்லை.

2

ஒரு வீட்டைப் பற்றி நாலு வார்த்தை எழுத இவன் ஏன் இப்படி நடுங்குகிறான் என்று தோன்றும். சொல்கிறேன். அதற்குமுன் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மொத்தம் நான்கு பேர், ஒரு மீன்.

நான் மின்சாதனங்களோடு வரும் கையேடுகளை எழுதுகிறவன். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்ற வரியை என்னளவுக்கு விதவிதமாக எழுதியவர் யாரும் இருக்க முடியாது. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கையேடுகள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகின்றன. யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. என் கதைகள் எந்த வீட்டுக்கும் போவதில்லை. அதனால் பிரச்சினையே இல்லை.

என் மனைவி காது கேட்கும் கருவி பொருத்துகிறவள். நாள் முழுக்க ஒரு சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்பாள். கௌரவத்துக்காகக் கேட்காமலே கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. அவர்களை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் திறமையை அவள் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வருவதில்லை.

மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். எங்கே எதை வாங்கினாலும் பத்து சதவீதமாவது குறைத்துத்தான் வாங்குவான். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டு பல்லாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று விசாரித்தவன். குடும்பத்தில் அவனுக்குப் பெயர் தள்ளுபடி.* நான்காவது ஆள் பிற்பாடு பையோடு வருவாள். மீனும் அப்படியே.

[*இந்தப் பகுதியைப் படித்துவிட்டுத் தள்ளுபடி என்னிடம் சண்டைக்கு வந்தான். "ரெண்டு பல்லுன்னு போட்டிருக்கீங்க அத்தான், நான் மூணு பல்லுக்குத்தான் கேட்டேன்" என்றான். திருத்திக்கொள்ளவும்.]

இப்போது விஷயம். எங்கள் வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கிறது. கடன் தீரும்வரை வீடு ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக்கூடாது என்பது வங்கியின் நிபந்தனை. பழைய பாலிசி மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் மலிவாக வேறொன்று பிடிக்கவில்லை என்றால், கேட்ட தொகையைக் கட்டித்தான் ஆகவேண்டும். கட்டலாம், கட்ட முடியாது என்றில்லை. ஆனால் இந்த ஆண்டிலிருந்து சனிக்கிழமை வேலைக்குப் போவதில்லை என்று மனைவி முடிவு செய்திருந்தாள். வீடு வாங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சனிக்கிழமை என்ற ஒன்று கிடையாது. புதிய பிரீமியம் அந்தச் சனிக்கிழமைகளை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும்.

அதனால்தான் நாங்கள் கடை கடையாக ஏறி இறங்கக் கிளம்பினோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, தள்ளுபடியின் மடிக்கணினியில்.

3

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தள்ளுபடி தட்டச்சு செய்தான், அக்கா பதில் சொன்னாள், நான் டீ போட்டேன்.

"கூரைக்கு வயசு என்னக்கா?"

"வீட்டுக்கு என்ன வயசோ அதுதான்."

"நடுவுல மாத்தினாங்களான்னு கேக்குறான்."

"ஏங்க, மாத்தினாங்களா?"

எனக்கு என் வயதே கேட்டவுடன் வராது. "மாத்தின மாதிரிதான் இருக்கு" என்று அடுப்படியிலிருந்து சொன்னேன். அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, அடுத்தது. வீடு மொத்தமா இடிஞ்சு போச்சுன்னா திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?"

"நான் கேக்கலக்கா, கம்பெனி கேக்குது. எரிஞ்சு போனா? மரம் விழுந்தா? திருடன் வந்தா எந்த ஜன்னல் வழியா வருவான்?"

"வந்தா வாசல் வழியாவே வரச் சொல்லு. பூட்டுறதே இல்ல உங்க அத்தான்."

காப்பீடு வாங்குவது என்பது, ஒரு வீட்டுக்கு நேரக்கூடிய எல்லாக் கெட்டதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து கற்பனை செய்வது என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அது என் தொழில் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த நிறுவனங்களுக்கு முன்னால் நான் வெறும் கத்துக்குட்டி.

முதல் நிறுவனம் எங்கள் தெருவின் பெயரைப் போட்டவுடனேயே மன்னிப்புக் கேட்டுவிட்டது. அவர்கள் வரைபடத்தில் எங்கள் பகுதி சிவப்பாம். இரண்டாவது நிறுவனம் நல்ல விலை சொன்னது. ஆனால் காரையும் அவர்களிடமே காப்பீடு செய்ய வேண்டுமாம். எங்களிடம் கார் இல்லை. "ஒண்ணு வாங்கிட்டா வீட்டுக்குக் கம்மியாகும்" என்று தள்ளுபடி யோசித்தான். அக்கா அவனுடைய டீயை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது நிறுவனம் பழைய பிரீமியத்தைவிடவும் குறைவாகச் சொன்னது. நாங்கள் மூவரும் திரையையே பார்த்தோம். எங்கும் நட்சத்திரக் குறி இல்லை. கடைசியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: "உங்கள் வீட்டைப் பற்றி வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

"ஒண்ணும் இல்லன்னு போடு" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போனாள். நானும் டம்ளர்களைக் கழுவப் போனேன். கதையின் முக்கியமான திருப்பம் நடந்தபோது நான் குழாயடியில் நின்றேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

4

மறுநாள் தள்ளுபடி முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அத்தான், உங்களுக்காக ஒரு வேலை பண்ணியிருக்கேன். அந்தக் கடைசிக் கட்டத்தை எவனாவது சும்மா விடுவானா? பெருமையான வீடுன்னா இன்னும் குறைப்பாங்கல்ல?"

"என்ன எழுதின?"

"'இந்த வீடு இலக்கியத்தில் இடம்பெற்ற வீடு.' கீழ உங்க கதையோட லிங்க்கையும் போட்டுட்டேன்."

"எந்தக் கதை?"

"அதான், மீன்னு ஏதோ வருமே."

இணைய இதழ் ஒன்றில் நான் எழுதிய அந்தக் கதையின் பெயர் 'வாஷிங் மெஷினுக்குள் ஒரு மீன்'. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதாவது எல்லோருக்காகவும். ஒரு கணவனும் மனைவியும் புது வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது. பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழ்த்தளம் முழுக்க நிரம்புகிறது. சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விடுகிறது. தண்ணீர் வடிந்த பிறகு வாஷிங் மெஷினைத் திறந்தால் உள்ளே உயிரோடு ஒரு மீன். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவள் சொல்கிறாள்: "இப்பதான் இது நம்ம வீடு மாதிரி இருக்கு." கதை முடிகிறது.

நம்பகத்தன்மை வேண்டும் என்று, எங்கள் வீட்டையே பெயர்த்து அதில் வைத்திருந்தேன். பச்சைக் கதவு, தெருமுனையில் அஞ்சல் பெட்டி, கீழ்த்தளத்துக்குப் போகும் பதினோரு படிகள், எல்லாம்.

"நீ அந்தக் கதையைப் படிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"தலைப்பு படிச்சேன் அத்தான். நல்லா இருந்துச்சு."

[இந்த இடத்தில் வாசகர் என்னைச் சந்தேகிக்கலாம். அக்கா கணவனின் கதையைப் படிக்காமலே ஒருவன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவானா, செயற்கையாக இருக்கிறதே என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனையே கேட்டேன். "இதுல என்ன அத்தான் இருக்கு, நானும் தினம் ஃபோன் விக்கிறேன், நீங்க எழுதுற கையேட்டை ஒருத்தரும் படிக்காமத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றான். பாத்திரம் தானாகவே நியாயம் பேச ஆரம்பித்துவிட்டால் எழுத்தாளன் ஒதுங்கிவிட வேண்டும்.]

ஆக, எங்கள் வீட்டுக்குள் ஒரு முறைகூட வெள்ளம் வந்ததில்லை என்று ஒரு கேள்விக்கும், வந்த வெள்ளத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கங்கள் இன்னொரு கேள்விக்கும் நாங்கள் பதில் அனுப்பியிருந்தோம். நிறுவனத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. விலையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வருவாராம்.

5

அன்று மாலை மூவரும் மறுபடி மேசையில் கூடினோம். தள்ளுபடி பாவம், கதையை முதல்முறையாக முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தான். முகம் வாடியிருந்தது.

"கவலைய விடுங்க அத்தான். எல்லாம் கப்சான்னு எழுதிக் கொடுத்துடுங்க. வீடும் கற்பனை, வெள்ளமும் கற்பனை, ஆளுங்களும் கற்பனை. ஒரு கையெழுத்து. முடிஞ்சது."

எனக்கு அது சரியாகவே பட்டது. பேனாவைத் தேடினேன்.

"எல்லாமே பொய்யா?" என்றாள் மனைவி.

"கம்பெனிக்காகத்தான்க்கா."

"நான் உன்னைக் கேக்கல."

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கையேட்டில் இப்படி நடுவில் பின்னால் போனால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். கதையில் அனுமதி உண்டு.

வீடு வாங்கிய புதிதில் அவளுடைய தோழிகள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இது பேங்க்கோட வீடுங்க, நாங்க வாடகைக்கு இருக்கோம்" என்றேன். தோழிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்து வாங்கிய வீடு அது. அதன்பிறகு உப்பு எங்கே என்பதைக்கூடக் குறுஞ்செய்தியில்தான் கேட்டுக்கொண்டோம்.

அப்படி இருக்கையில் ஒருநாள் கீழ்த்தளத்தில் வாஷிங் மெஷினின் ரப்பர் குழாய் கழன்று தண்ணீர் கொட்டிவிட்டது. ஒரு வாளி இருக்கும், அவ்வளவுதான். இருவரும் பேசாமலே துடைத்தோம். துடைத்து முடித்து அவள் மெஷினின் கையேட்டை எடுத்து வந்து, மேலிருந்து இரண்டாவது படியில் உட்கார்ந்து, உரக்கப் படித்தாள்: "குழாயின் பிடிப்பை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் சரிபார்க்கவும். அலட்சியம் செய்தால் தரை நனைய வாய்ப்புண்டு." அந்த வரியை எழுதியவன் நான். அதற்குக் காசும் வாங்கியிருந்தேன். அவள் இன்னொரு முறை படித்தாள், செய்தி வாசிப்பவர் குரலில். பிறகு இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. நனைந்த துணியும் கையுமாக நான் மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்பதான் இது நம்ம வீடு மாதிரி இருக்கு."

ஒரு வாளித் தண்ணீரை நான்தான் வெள்ளமாக்கினேன். மீனை நான்தான் விட்டேன். அந்தக் கடைசி வரியில் மட்டும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"வெள்ளம் உங்களுது, மீனும் உங்களுது" என்றாள் மனைவி இப்போது. "எழுதிக்கங்க, அழிச்சுக்கங்க, எனக்கென்ன. ஆனா அந்தக் கடைசி வரி என்னுது. அதையும் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அப்புறம் நான் இங்க வாடகைக்கு இருக்கிற மாதிரிதான்."

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். நானோ பிரீமியத்தில் எவ்வளவு மிச்சம் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அது அவளுக்குக் கேட்டிருக்கும்.

6

மதிப்பீட்டாளர் பாத்திரத்தில் எனக்குத் திருப்தி இல்லை. முதல் வரைவில் அவரைக் முறுக்கு மீசை வைத்த, எதற்கும் சிரிக்காத ஆணாக எழுதியிருந்தேன். தோல் பை, பிதுங்கும் கண்கள். அவர் நுழைந்ததும் அறை இருண்டது என்றுகூட ஒரு வரி இருந்தது.

"வந்தது ஒரு பொண்ணுங்க" என்றாள் என் மனைவி. "கண்ணாடி போட்டிருந்தா, முதுகுல பை. வந்ததும் தண்ணி கேட்டா."

"கதைதானே, மாத்தலாம்."

"மாத்தி மாத்தித்தானே இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்."

ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் வந்தாள். தண்ணீர் குடித்தாள். நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தாள். பிறகு பையிலிருந்து சில தாள்களை உருவினாள். என் கதை. அச்சிட்டு, ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு எழுதியிருந்தாள். ஒரு மனுஷி என் கதையை இவ்வளவு ஊன்றிப் படித்ததை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். வந்திருப்பது என் பிரீமியத்தை ஏற்ற என்பது ஒரு நிமிடம் மறந்தே போயிற்று.

"பச்சைக் கதவு சரி. பதினோரு படி சரி. அந்த விரிசல் எங்க சார்?"

"எந்த விரிசல்?"

"'அவன் தன் கையை மணிக்கட்டு வரை சுவருக்குள் விட்டான்'னு எழுதியிருக்கீங்களே."

"அது ஒரு குறியீடும்மா. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த—"

"சார், எங்க ஆபீஸ்ல விரிசல்னா அஸ்திவாரம்."

சுவரைத் தட்டிக் காட்டினேன். தள்ளுபடியும் ஓடி வந்து தட்டினான். "நல்லா பாத்துக்கங்க மேடம், ஊசி நுழையாது" என்றான். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு வாஷிங் மெஷின் முன்னால் போய் நின்றாள். கொஞ்சம் தயங்கினாள். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே என் காலுறை ஒன்று கிடந்தது. அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் என்று சத்தியம் செய்வேன்.

"நான் பஸ்ல படிச்சேன் சார்" என்றாள். "இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். கடைசியில அந்த மீன் என்ன ஆச்சு?"

"அது... வாசகரோட முடிவுக்கு விட்டது."

"எங்க ரிப்போர்ட்டுல 'மிஞ்சிய பொருளை என்ன செய்தார்கள்'னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்காகத்தான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சரி சார், சுலபமா முடிச்சிடலாம். இந்தக் கதையில வர்றது எல்லாமே கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. தண்ணி ஒரு சொட்டுகூட வந்ததில்ல, அப்படித்தானே?"

தள்ளுபடி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்தான். என் மனைவி இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பரிசோதனை அறையில் இருப்பதுபோல் அசையாமல் காத்திருந்தாள்.

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. "ஆமா, எல்லாம் கற்பனைதான்" என்று கையெழுத்துப் போட்டேன். பிரீமியம் குறைந்தது. சனிக்கிழமைகள் திரும்பின. முதல் சனிக்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உப்பு எங்கே என்று— [இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. எழுதியதையும் அடிக்க மனமில்லை, ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.]

முடிவு ஆ. தள்ளுபடி குறுக்கே புகுந்து, "மேடம், பதினஞ்சு சதவீதம் குறைங்க, மீனையே உங்களுக்குத் தர்றோம்" என்று பேரம் பேசி வெல்கிறான். [தனக்கு ஒரு நல்ல காட்சி வேண்டும் என்று அவன் கேட்டான். கொடுத்துவிட்டேன். நடக்கவில்லை.]

முடிவு இ. நடந்தது.

"தண்ணி வந்துச்சும்மா" என்றேன்.

பின்னால் தள்ளுபடி இருமினான். நான் நிறுத்தவில்லை. ரப்பர் குழாய், ஒரு வாளி, துணி, கையேடு, அதை எழுதிய ஆள் யார் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டே போனாள். கையேட்டுப் பகுதி வந்ததும் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வெள்ளம் கற்பனை. விரிசல் கற்பனை. மீன் கற்பனை" என்றேன். "ஆனா அந்தக் கடைசி வரி நெசம். அதை மட்டும் பொய்னு எழுதித் தர முடியாது. அதுக்கு எவ்வளவு ஏத்துவீங்களோ ஏத்திக்கங்க."

"சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் படியிலிருந்து என் மனைவி.

மதிப்பீட்டாளர் தன் தாளில், 'கற்பனை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய வரியில், "இறுதி வாக்கியம் நீங்கலாக" என்று பென்சிலால் சேர்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "சார், வெளிய இருந்து தண்ணி உள்ள வந்தாத்தான் வெள்ளம். வீட்டுக் குழாய் கழண்டா அது வேற கணக்கு. அதுக்குக் கொஞ்சம்தான் கூடும். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கதை ஏது என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். தள்ளுபடி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

8

பாலிசி வந்துவிட்டது. முதலில் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் அதிகம், போன ஆண்டுத் தொகையையும் தாண்டியது, பழைய நிறுவனம் கேட்டதைவிட எவ்வளவோ குறைவு. மனைவி கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம் என்றாள். கிடைத்தவரை லாபம்.

பொருந்தாதவை என்ற தலைப்பின்கீழ், போர், கலவரம், கரையான் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சிறப்பு வரி சேர்த்திருந்தார்கள். அதை யார் சேர்த்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். "காப்பீட்டுதாரரின் எழுத்துப் பணியால் ஏற்படும் வெள்ளம், விரிசல் மற்றும் நீர்வாழ் உயிரினங்களின் வருகைக்கு இந்தப் பாலிசி பொருந்தாது." மனைவி அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் இரண்டு முறை படித்தாள். இப்போது அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

[தள்ளுபடி இந்தக் கதையையும் படித்துவிட்டான். முழுசாகவா என்று கேட்டேன். "ஆமா அத்தான், இனிமே எதையும் படிக்காம அனுப்புறதில்ல" என்றான். கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். நீளத்தில் பத்து சதவீதம் குறைக்கலாம் என்றான்.]

இன்று அவள் வீட்டில் இருக்கும் முதல் சனிக்கிழமை. அவள் இரண்டாவது படியில் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் மூன்றாவது படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து இந்த வரியை எழுதுகிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறேன், இதைப் பூடகமாகச் சொல்லத் தெரியவில்லை. குழாயின் பிடிப்பைக் காலையில்தான் சரிபார்த்தேன். வாஷிங் மெஷின் நின்று வெகுநேரம் ஆகிறது. வீடு அமைதியாக—

"கேட்டுச்சா?" என்கிறாள் மனைவி.

"என்னது?"

"கீழ. என்னவோ தண்ணியில துள்ளுன மாதிரி."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்கு என்னைக்குக் கேட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, உதட்டின்மேல் விரலை வைத்துக் காதைக் கூர்மையாக்குகிறாள். அவள் முகத்தில் பயமில்லை, சிரிப்புதான் வரப் பார்க்கிறது.

என் சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் இறங்கிப் போய்ப் பார்த்து, கீழே தண்ணீர் என்று எழுதினால், அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பெண் இதையும் பஸ்ஸில் படிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் என்று எழுதினால் பாலிசி பொருந்தாது. ஒன்றுமில்லை என்று எழுதினால், அவள் காதை நான் பொய்யாக்கியவன் ஆவேன். அந்தத் தவறை நான் இனிச் செய்வதாக இல்லை. அதனால் என்னால் இதற்குமேல் எழுத முடியாது. உங்களால் முடியும். உங்கள் பெயரில் இந்த வீடும் இல்லை, பாலிசியும் இல்லை.

நீங்கள் போய்ப் பாருங்கள். பச்சைக் கதவு திறந்துதான் இருக்கிறது, நான் எங்கே பூட்டினேன். விளக்குப் பொத்தான் இடதுபக்கம். படியில் எங்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அவள் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வழிவிடுவாள். இறங்குவதற்குமுன் ஒரு நொடி நின்று, மூச்சை அடக்கிக் கேளுங்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள்.

கேட்காமலே தூக்கிவிடாதீர்கள். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.